பயிற்சியும் வேலையும்: நீலகிரி மலைமக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் விண்ணப்பம் நிரப்ப உதவி கேட்டு வருகிறவர்களுடன் பல ஆண்டுகளாக உட்கார்ந்து எழுதி வருகிறேன். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருவார்கள், படகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து வருவார்கள், பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வருவார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அரசுத் திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, நடுவட்டம் வழியாக மலையேறி உதகைக்குப் போனவர், ஒரு சான்று குறைகிறது என்று திரும்பி வருகிறார். அடுத்த முறை அவர் போவதே இல்லை. அந்த ஒரு நாளாவது வீணாகாமல் இருக்கட்டும் என்று, அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து பத்து வருடம் ஆகிறது. ஒரு கடிதம்கூட வரவில்லை. இன்னும் புதுப்பிக்க வேண்டுமா?

புதுப்பியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். அரசுப் பணியிடங்களில் பெரும்பாலானவை இப்போது தேர்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. டி.என்.பி.எஸ்.சி., சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், ஆசிரியர் தேர்வு வாரியம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே அறிவிப்பு வெளியிடும்; தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். பதிவு மூப்பு பார்த்து அழைக்கும் இடங்கள் மிகவும் குறைந்துவிட்டன. 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய புதுப்பிப்பை இணையத்திலேயே முடித்துவிடலாம். அதற்காக உதகைக்குப் பஸ் ஏற வேண்டாம்.

அதே அலுவலகத்தில் வேறு சில உதவிகள் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். போட்டித் தேர்வுகளுக்குத் தன்னார்வப் பயிலும் வட்டம் வழியாக இலவச வகுப்புகள் நடக்கின்றன. தனியார் நிறுவனங்களை அழைத்து வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள். 2020-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம் இருக்கிறது. வேலை தேடுகிறவரும் ஆள் தேடும் நிறுவனமும் அதில் கட்டணமின்றிப் பதியலாம். முகாமுக்குப் போகும்போது கல்விச் சான்றுகளின் நகல், ஆதார் நகல், புகைப்படம், தன்விவரக் குறிப்பு ஆகியவற்றை ஐந்தாறு தொகுப்பாக எடுத்துச் செல்லுங்கள். ஒரே தொகுப்போடு போனால் முதல் மேசையிலேயே அது தீர்ந்துவிடும்.

மகன் பத்தாம் வகுப்பில் தவறிவிட்டான். இனி எஸ்டேட் வேலைதானா?

இல்லை. முதலில் துணைத்தேர்வு எழுதச் சொல்லுங்கள். அதில் மனம் போகவில்லை என்றால் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் குன்னூரிலும் கூடலூரிலும் ஐ.டி.ஐ. உண்டு. வயர்மேன், வெல்டர் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை உண்டு. பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. முப்பத்தெட்டு வயதில், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு படிக்க நினைக்கும் அம்மாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வரும். சீருடை, காலணி, பாடநூல், பஸ் பாஸ் எல்லாம் கிடைக்கும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் (2022-இல் வந்தது), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் (2024-இல் வந்தது) மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். இரண்டும் சேர்ந்தால் வீட்டுக்குப் பாரமில்லாமல் படித்துவிடலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு ஐ.டி.ஐ. முடித்தவர் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு மொழித்தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். பத்தாம் வகுப்போடு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். உதகையிலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தவறிய பையனுக்கும் டிப்ளமோவரை வழி திறந்தே இருக்கிறது. கலந்தாய்வு முடிந்த பிறகு காலியாக இருக்கும் இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். தேதி போய்விட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல் நிலையத்துக்கே போய்க் கேளுங்கள்.

பதினைந்து வருடமாகக் கொழுந்து பறிக்கிறேன். வேறு வேலைக்கு விண்ணப்பித்தால் “முன் அனுபவம்” என்ற இடத்தில் என்ன எழுதுவது?

நான் அதிகம் வருந்துவது இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான். பந்தலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்து “இல்லை” என்று எழுதியிருந்தார். பேசிக்கொண்டே இருந்தபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எடை போடும் இடத்தில் யார் யாருக்கு எத்தனை கிலோ என்று நோட்டில் எழுதுகிறவர் அவர்தான். மழை நாளில் ஈர இலைக்குக் கழிக்க வேண்டியதைக் கழித்து, மாலையில் தொழிற்சாலைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, கணக்கு இடித்தால் கண்டுபிடிக்கிறவரும் அவர்தான். ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு எந்தக் கொழுந்தைக் கிள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்று, ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாமலேயே கற்றுக்கொடுத்திருக்கிறார்.

அந்த “இல்லை”யை அடித்துவிட்டு இப்படி எழுதினோம்: “பச்சைத் தேயிலை எடைப் பதிவு, தினசரிக் கணக்கு ஒப்பிடல், புதிய தொழிலாளர்களுக்குச் செய்முறைப் பயிற்சி.” அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஒரு காய்கறி மண்டியில் இருப்புக் கணக்கு எழுதும் வேலை அவருக்குக் கிடைத்தது.

உங்கள் கையில் உள்ள வேலையை முதலில் ஒரு தாளில் விரித்து எழுதுங்கள். காலையிலிருந்து மாலைவரை என்னென்ன செய்கிறீர்கள், எதை எண்ணுகிறீர்கள், எதற்குப் பொறுப்பு, எந்த இயந்திரத்தைக் கையாளுகிறீர்கள் என்று. சீசன் நாளில் காட்டேஜில் துப்புரவு வேலை பார்த்ததும், கல்யாணச் சமையலில் உதவியதும், சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டை வைத்திருந்ததும் அனுபவம்தான்.

இதற்கு அரசு வழியும் ஒன்று உண்டு. பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனாவில், ஏற்கெனவே தெரிந்த தொழிலை அங்கீகரிக்கும் பிரிவு இருக்கிறது. பல வருடம் மேஸ்திரியாகவோ, தையல்காரராகவோ, ஓட்டுநராகவோ இருந்தவர் முழுப் பயிற்சிக்கும் உட்கார வேண்டியதில்லை. குறுகிய அறிமுக வகுப்பு, பிறகு மதிப்பீடு, தேறினால் சான்றிதழ். எந்தத் தொழிலுக்கு இப்போது மதிப்பீடு நடக்கிறது என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

குறுகிய காலப் பயிற்சிகள் நிறைய அறிவிக்கிறார்கள். எதில் சேர்வது?

நடத்துவது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் பல துறைகளில் இலவசப் பயிற்சி தருகிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் படிக்கும்போதே கூடுதல் திறன் கற்பிக்கிறது. கிராமப்புற இளைஞர்களுக்கு, தங்குமிடம் உணவோடு பயிற்சி தந்து வேலைக்கும் அனுப்பும் தீன்தயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் திட்டம் மகளிர் திட்ட அலுவலகம் வழியாக நடக்கிறது. பொதுவாக 35 வயது வரை. பெண்களுக்கும் மிகவும் நலிவுற்ற பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வயது வரை. சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கும் பயிற்சி, உணவு, தங்குமிடம் இலவசம். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அரசுக் கழகமான தாட்கோ தனியே பயிற்சி ஏற்பாடு செய்கிறது. விவசாயக் குடும்பமென்றால் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசி குன்னூரில் நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் கேட்டுப் பாருங்கள்.

சேருமுன் நேராகக் கேட்க வேண்டியவை சில. முடித்தால் யார் சான்றிதழ் தருகிறார்கள்? சென்ற முறை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களில் இருவரிடம் பேச முடியுமா? வேலை இந்த மலையிலா, கோவை, திருப்பூரிலா? கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். மலையில் பத்துக் கடைக்குத் தேவைப்படாத ஒரு தொழிலை ஐம்பது பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு ஊருக்கு அனுப்புவது எவருக்கும் உதவாது. மின்வேலை, குழாய் வேலை, வாகனப் பழுது, தேயிலைத் தொழிற்சாலை இயந்திரப் பராமரிப்பு, விடுதி அறைப் பராமரிப்பு, பேக்கரி, செவிலியர் உதவியாளர் போன்ற வேலைகளுக்கு இங்கே எப்போதும் ஆள் தேவை என்பது என் கணிப்பு. விடுதி வேலை ஏப்ரல், மே மாதங்களில் ஏறும், மழையில் இறங்கும். கையில் இன்னொரு தொழிலும் இருப்பது நல்லது.

வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

அட்டையிலிருந்து. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் அடையாள அட்டையும், நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையும் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. 2016-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. பார்வை, செவி, கை கால் மட்டுமல்லாமல், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், தசைச்சிதைவு, அரிவாள் அணு இரத்தசோகை ஆகியவையும் அதில் அடங்கும். கடைசியாகச் சொன்ன நோய் நம் பழங்குடிக் குடும்பங்களில் அதிகம் காணப்படுகிறது. அதற்கும் சான்று பெறலாம் என்று அந்தக் குடும்பங்களில் பலருக்கு யாரும் சொன்னதில்லை.

வேலை ஒதுக்கீடு உள்ளிட்ட பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மருத்துவ மதிப்பீடு உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடக்கும். சில நேரம் முகாமாக வட்டாரங்களுக்கே வருவார்கள். போகும் முன் எந்தக் கிழமையில் எந்த மருத்துவர் இருப்பார் என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போக்குவரத்துச் செலவு பற்றி ஒரு செய்தி. சாதாரணப் பஸ்களில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2024 பிப்ரவரியில் மலைப் பகுதிக்கும் நீட்டிக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடன் செல்லும் உதவியாளரும், திருநங்கையரும் இலவசப் பயணத்தில் அடங்குவார்கள். எந்தப் பஸ், எவ்வளவு தூரம்வரை என்று நடத்துநரிடம் கேட்டு ஏறுங்கள்.

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு எவ்வளவு ஒதுக்கீடு? தேர்வில் சலுகை உண்டா?

4 சதவீதம். பார்வைக் குறைபாடு, செவிக் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய், பல்வகைக் குறைபாடு சேர்த்து 1. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக் கட்டணம் இல்லை. எழுத முடியாதவர், சொல்வதை எழுதும் உதவியாளரைப் பெறலாம். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. விண்ணப்பிக்கும்போதே இவற்றைக் குறிப்பிட்டுவிட வேண்டும். தேர்வு நாள் காலையில் கேட்டால் யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது.

தம்பிக்குக் காது கேட்காது. நேர்காணலுக்குப் போன இடத்தில் “உங்களை வைத்துக்கொண்டு எப்படி வேலை வாங்குவது?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

படிக்கவே வேதனையாக இருக்கிறது. அந்த முதலாளியின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் பயம்தான்: சொன்னது புரியாவிட்டால் என்ன செய்வது, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்று. அந்தப் பயத்துக்குப் பதிலை நாமே கொண்டுபோவது நல்லது.

குன்னூர்ப் பக்கம் ஒரு பேக்கரியில் காது கேளாத இளைஞர் ஒருவர் வர்க்கி அடுப்பில் வேலை செய்கிறார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது. ஆர்டர், தட்டு எண்ணிக்கை, நேரம் எல்லாம் அதில் எழுதப்படும். மணியடித்து அழைப்பதற்குப் பதிலாகச் சுவரில் ஒரு சிவப்பு பல்பு. ஸ்விட்சைத் தட்டினால் அது எரியும், அவர் திரும்பிப் பார்ப்பார். பலகை, பல்பு, வயர் என்று மொத்தச் செலவு சில நூறு ரூபாய்தான். இப்போது அங்கே காது கேட்கிறவர்களும் பலகையைப் பார்த்தே வேலை செய்கிறார்கள். சத்தமான இடத்தில் வாயால் சொன்ன ஆர்டர் தவறிப்போவது நின்றுவிட்டது.

தம்பி அடுத்த நேர்காணலுக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும்: எனக்கு என்ன வேலை தெரியும், என்னிடம் எப்படிப் பேச வேண்டும், எனக்குத் தேவையான ஏற்பாடு இது, அதற்கு ஆகும் செலவு இவ்வளவு. முடிந்தால் ஒரு நாள் செய்து காட்டுகிறேன் என்று கேட்கட்டும்; செய்து காட்டிய கைக்கு எதிராகப் பேசுவது கடினம்.

சட்டமும் அவர் பக்கம் இருக்கிறது. நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது 2016 சட்டம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமானால், மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதி, எந்தெந்தப் பணி என்பதையும் அதில் சொல்ல வேண்டும். பெரிய விடுதி, தொழிற்சாலை, மருத்துவமனை எதில் விண்ணப்பித்தாலும் “உங்கள் சம வாய்ப்புக் கொள்கையைப் பார்க்கலாமா?” என்று மரியாதையாக எழுதிக் கேளுங்கள். பாகுபாடு நடந்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம்.

மகளுக்கு அறிவுசார் குறைபாடு. அவளுக்கும் வேலை உண்டா?

உண்டு. ஒரே வகையான வேலையை ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் செய்வதில் பலர் மிகுந்த கவனம் உடையவர்கள்: பொட்டலமிடுதல், நாற்றுப் பைகளில் மண் நிரப்புதல், துணி மடித்தல். முதல் சில வாரம் பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, படம் வரைந்து ஒட்ட வேண்டும். கூலியில் குறை வைக்க அனுமதிக்காதீர்கள். பொழுது போவதற்காக வருகிறாள் என்ற பேச்சே கூடாது. குறைந்தபட்சக் கூலி அவளுக்கும் பொருந்தும்.

நாங்கள் பணியர். சாதிச் சான்று இல்லை என்று பயிற்சியில் சேர்க்கவில்லை.

பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் தருவதில்லை; வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். நம் மாவட்டத்தில் உதகை, குன்னூர், கூடலூர் என்று மூன்று கோட்டங்கள். விண்ணப்பம் இ-சேவை வழியாகப் போகும். தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ சான்று இருந்தால் நகலை இணையுங்கள். யாருக்குமே இல்லையென்றால் விசாரணை நடக்கும், நாளாகும். ஆகவே பயிற்சி அறிவிப்பு வரும்வரை பொறுக்காமல், பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பயிற்சி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சான்று வரும்வரை பிள்ளையை வகுப்பில் உட்கார விடுங்கள். காகிதம் தாமதமானால் அது அந்தப் பிள்ளையின் குற்றமில்லை.

நான் திருநங்கை. பயிற்சி நிலையத்தில் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்க்க மறுப்பது சட்டத்துக்குப் புறம்பானது. கல்வி நிலையமோ வேலை தரும் நிறுவனமோ பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சொல்கிறது. இந்தியாவிலேயே முதலில் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு, 2008-இல். வாரிய அடையாள அட்டை இருந்தால் சுயதொழில் மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம்; மாவட்ட சமூகநல அலுவலகத்தை அணுகுங்கள். தங்கிப் படிக்கும் பயிற்சியென்றால் அறை, கழிப்பறை ஏற்பாட்டைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வயது 47. தொழில் தொடங்கலாம் என்றால் பட்டா இல்லை, வங்கியில் அடமானம் கேட்கிறார்கள்.

கூடலூர், பந்தலூரில் உரிமை இன்னும் முடிவாகாத பிரிவு 17 நிலத்தில் இருக்கும் எல்லோருக்கும் உள்ள துயரம் இது. பழைய ஜன்மி நிலவுடைமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடரும் சிக்கல். ஆனால் கடனைப் பொறுத்தவரை ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: குறுந்தொழிலுக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போனால் மானியமும் சேரும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரோடு மலைப் பகுதியும் சிறப்புப் பிரிவில் வருகிறது. கிராமப்புறத்தில் 35 சதவீதம் மானியம், நீங்கள் போட வேண்டிய பங்கு 5 சதவீதம். கைத்தொழில் தெரிந்தவரானால் கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே வந்தது. 25 தொழில்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம்.

வேலை கிடைக்கும்வரை அரசு உதவித்தொகை உண்டா?

உண்டு, தொகை சிறியது. 5 ஆண்டு பதிவு மூப்பு இருந்தால் மாதம் 200 முதல் 600 ரூபாய் வரை, 3 ஆண்டுகளுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து 1 ஆண்டு ஆனால் போதும். 600 முதல் 1,000 ரூபாய் வரை, 10 ஆண்டுகளுக்கு. வருமான வரம்பு இல்லை.

மகளைத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

முடிவு அவளுடையதாக இருக்கட்டும். போவதென்றால் பணி நியமனக் கடிதம், சம்பளம், விடுப்பு, தங்குமிடம், ஊர் திரும்பும் உரிமை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லும் இடத்துக்கு அனுப்ப வேண்டாம். சம்பளம் மாதாமாதம் அவள் பெயரில் உள்ள கணக்கில் வர வேண்டும். கல்விச் சான்று, ஆதார் ஆகியவற்றின் அசலை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்க் குழு இருப்பது கட்டாயம்; அதன் உறுப்பினர் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பயிற்சியில் இடம் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். மேலே சொன்ன அரசுப் பயிற்சி, முகாம், பதிவு எதற்கும் இடைத்தரகர் தேவையில்லை. இ-சேவை மையத்தில் கட்டணம் செலுத்தினால் ரசீது கேளுங்கள்.

அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டால்?

வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். எந்தச் சான்று குறைகிறது என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாரந்தோறும் திங்கட்கிழமை, உதகை பிங்கர்போஸ்டில் உள்ள கூடுதல் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெயர், ஊர், வட்டம், எந்தத் திட்டம், எந்தத் தேதியில் எந்த அலுவலகத்தில் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது என்று வரிசையாக எழுதி, முத்திரை பெற்ற நகலை இணையுங்கள். உதகைவரை போக முடியாதவர்கள் முதல்வரின் உதவி எண் 1100-ஐ அழைத்து மனுவைப் பதிவு செய்யலாம். அவர்கள் தரும் மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நிலவரம் கேட்க அந்த எண் போதும்.